அம்மிக்குழவியோடு ஒரு பனிமலைப் பயணம்

"அட்டியல் வீட்டில இல்லைப் பிள்ளை."

யோகாம்பிகை இதைச் சொல்லிவிட்டு, பயற்றம் பணியாரத்துக்கு மா உருட்டுவதை நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருந்தாள். மகள் வதனிக்கு முதலில் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம், அன்று புதன். கூறைச்சேலை வந்து அலுமாரியில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஜெர்மனியில் இருந்து புறப்பட்டுவிட்டார்கள். இந்த நேரத்தில் கழுத்தில் போடும் அட்டியல் மட்டும் எங்கே போகும்?

"பாங்கிலயோ வைச்சனீங்கள்?"

"இல்லை. மலையில."

நோர்வேயின் வடகோடியில், கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த க்ரோவிக் என்ற மீன்பிடி ஊர் அது. அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் எட்டுப் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் வேலை செய்தன. இன்று அந்தத் தொழிற்சாலைக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. குடும்பங்கள் எல்லாம் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டன. ஆனால் அந்த நாட்களில் காலை ஆறு மணிக்கு ரப்பர் சப்பாத்துகளின் சத்தமும், வெட்டு மேசைகளில் பாடும் பழைய பாட்டுகளும், ஒருவர் வீட்டுக் குழம்பு மணத்தில் மற்றவர் பசியாறுவதுமாக அந்த ஊர் ஒரே வீடு போல இருந்தது.

யோகாம்பிகையிடம் ஒரு பழக்கம் உண்டு. வடமராட்சியில் இருந்த காலத்தில் ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் நகைகளை ஓரிடத்தில் ஒளித்துவிட்டுத்தான் ஓடுவாள். அடுப்புக் கல்லுக்குக் கீழே, மாட்டுக் கொட்டில் கூரைக்குள், கிணற்றுக் கட்டின் பொந்துக்குள். நோர்வேக்கு வந்தும் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை. போன ஆகஸ்ட் மாதம் குடும்பமாக மலைக்கு மஞ்சள் பெரிப் பழம் பிடுங்கப் போய், தெரிந்தவர்களின் குடிலில் தங்கினார்கள். அங்கிருந்து அப்படியே ஒஸ்லோவுக்கு இரண்டு கிழமைப் பயணம். வீட்டில் அந்த நாட்களில் பெயின்ற் அடிக்க ஆட்கள் வந்து போவார்கள். ஆகவே அட்டியலைப் பால்மா ரின்னுக்குள் போட்டு, குடில் வாசலில் கிடந்த தட்டைக் கல்லைப் புரட்டி, அதற்குக் கீழே புதைத்துவிட்டு வந்தாள். பிறகு எடுக்கலாம், எடுக்கலாம் என்று இருந்தாள். அதற்குள் ஒக்டோபர் வந்தது, பனி வந்தது, மலைப்பாதை மூடிக்கொண்டது.

"கள்ளன் மலை ஏறமாட்டான் எண்டு நினைச்சன்," என்றாள்.

"கள்ளன் மட்டுமில்லை அம்மா," என்று தம்பி குகநேசன் சொன்னான். "இப்ப ஒருத்தருமே ஏறேலாது. அங்கை மூண்டு ஆள் உயரத்துக்கு ஸ்னோ."

கல்யாணம் வைத்த சித்திரை மாதத்தில் எந்த வாசலும் வாசலாகத்தான் இருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி நினைத்ததில் என்ன பிழை? குகன் சிரித்தான். வதனி சிரிக்கவில்லை.

வீட்டிலிருந்த மற்ற நகையெல்லாம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு எடுக்க ஒவ்வொன்றாக விற்றுப் போனது. அந்தக் கல் அட்டியல் ஒன்றுதான் மிஞ்சியது. அப்பா செய்வித்துக் கொடுத்தது அது. வதனிக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு தீபாவளி நாளில் அதை எடுத்து அவள் கழுத்தில் வைத்துப் பார்த்து, உன்னை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகிற அன்று இதைத்தான் போடவேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். கூட்டிக்கொண்டு போக இப்போது அப்பா இல்லை.

ஒஸ்லோ மாமியிடம் ஓர் அட்டியல் இரவல் வாங்கலாம் என்று யோகாம்பிகை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"வேண்டாம் அம்மா. அப்பா இல்லாமல் நான் மணவறைக்குப் போகமாட்டன்," என்றாள் வதனி.

அதற்குப் பிறகு யாரும் இரவலைப் பற்றிப் பேசவில்லை.

குகன் மீன் வெட்டும் மேசையில் அவனுக்கு அடுத்து நிற்கும் மாத்திஸுக்குத் தொலைபேசி எடுத்தான். மாத்திஸ் அந்த வடபுலத்துப் பழங்குடியான சாமி இனத்தவன். அந்த மலை மேட்டில் மான் மேய்த்த குடும்பம். குடில் அவனுடைய பெரியப்பாவுடையதுதான். வேலைத்தலத்தில் தமிழர்களோடு நின்று நின்று அவனுக்கு "மச்சான்", "கெதியா", "காணும்" மூன்றும் நன்றாக வரும். வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை புயல். வியாழன் ஒரு நாள்தான் திறந்திருக்கிறது. மலையில் வண்டி ஓட்டக் உள்ளூராட்சியான கொம்யூனின் அனுமதி குடிலுக்கு இருக்கிறது. போவதென்றால் நாளைக்கே.

அவனிடம் இரண்டு பனி ஸ்கூட்டர்கள் இருந்தன. ஒன்று அவன் தகப்பனுடைய பழையது. உழவு இயந்திரம் மாதிரிக் கனம், பின்னால் சறுக்குவண்டி இழுக்கும், ஒருநாளும் சாயாது. மற்றது அந்தக் குளிர்காலத்தில்தான் வாங்கியது. மலைக்கென்றே செய்தது. முன்னால் கிட்டக் கிட்ட இரண்டு ஸ்கீ, பின்னால் நீளமான ரப்பர் பட்டி, பட்டி முழுக்க விரல் நீளத்துக்குத் துடுப்புத் துடுப்பாகப் பல். எடை என்று பார்த்தால் பழையதில் பாதிதான். பின்பக்கத்தை இரண்டு பேர் பிடித்தால் தூக்கித் திருப்பி வைக்கலாம்.

அன்று மாலை தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பனிமேட்டில் மாத்திஸ் குகனுக்கும் வதனிக்கும் ஓட்டப் பழக்கினான். இதில் கதிரையில் இருக்கிற மாதிரி இருக்கக்கூடாது, நிற்கவேண்டும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் பாரம் முழுவதையும் இடது காலுக்கு மாற்று, வண்டி தானாக அந்தப் பக்கம் சரியும். அப்போது ஹாண்டிலை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பு. குகன் இதைக் கேட்டு, மாத்திஸுக்குத் திசை தெரியவில்லை என்றான். மாத்திஸ் ஓட்டிக் காட்டினான். வண்டி ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு, அரிவாள் வளைவது போல அழகாக வளைந்தது. இன்னும் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஏற்றத்தில் நிற்பாட்டாதே. நிற்பாட்டினால் மூக்குக் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி நிற்பாட்டு. புதைந்தால் விசையை அமுக்காதே. அமுக்க அமுக்கத் தனக்குத் தானே குழி தோண்டும்.

வதனி மலைக்கு வருவதற்குத்தான் யோகாம்பிகை சம்மதிக்கவில்லை. மணப்பெண் இந்த நேரத்தில் வெளிக்கிடுவதா என்றாள். கல்யாணப் பந்தலில் கன்னிக்கால் ஊன்றுவது சனிக்கிழமைதான், அதற்கு முதல் எங்கேயும் போகலாம் என்று ஐயரே சொல்லியிருக்கிறார் என்றாள் வதனி. ஐயர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஐயர் பயணத்தில் இருந்தார், கேட்க முடியாது.

வியாழன் காலை. வெளியே இரண்டு ஸ்கூட்டரும் உறுமிக்கொண்டு நின்றன. கயிறு, மண்வெட்டி, ஒரு சோடி ஸ்கீ, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஏறிவிட்டன. யோகாம்பிகை வாசலில் வந்து நின்று விரலை நீட்டினாள்.

"மூண்டு பேர். மூண்டு பேராப் போகப்படாது."

"அம்மா, தொடங்காதேங்கோ," என்றான் குகன்.

"நாலாவது ஆளா ஒரு கல்லுக் கொண்டு போங்கோ. கல்லு இல்லாமல் வெளிக்கிட விடமாட்டன்."

எங்கே போவது கல்லுக்கு? முற்றம், தெரு, கடற்கரை எல்லாம் ஓர் ஆள் ஆழத்துக்குப் பனி. ஊரிலே ஒரு சல்லிக்கல் வெளியில் தெரியவில்லை. குகன் சப்பாத்தால் இரண்டு இடத்தில் உதைத்துப் பார்த்தான். மாத்திஸுக்கு விஷயத்தை விளங்கப்படுத்தினால், அவன் சிரிக்காமல் தலையை ஆட்டி, தன்னுடைய ஆச்சியும் இப்படித்தான் என்றான்.

யோகாம்பிகை உள்ளே போனாள். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி அம்மிக்குழவியைக் கொண்டு வந்தாள். ஊரில் இருந்து வந்த குழவி. விமான நிலையத்தில் இதென்ன ஆயுதமா என்று கேட்டு இரண்டு அதிகாரிகள் உருட்டிப் பார்த்த குழவி.

"அம்மா, உது ஆறு கிலோ வரும்!"

"கல்லுத்தானே? கொண்டு போ."

இப்படியாக நாலாவது ஆள், பழைய சாரத் துணியில் சுற்றப்பட்டு, இலகு ஸ்கூட்டரின் பின்பையில் ஏறிக்கொண்டார்.

ஊரைத் தாண்டும்வரை குறிக்கம்பு நட்ட பாதை, இறுகிய பனி. அங்கே பழைய ஸ்கூட்டர் எருமை போல அசையாமல் போனது. புதியதைக் குகன் ஓட்டினான், வதனி சறுக்குவண்டியில். இறுகிய பாதையில் அந்த இலகு வண்டி வாலாட்டிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் விழப்போகிற மாதிரி ஆடியது. குகன் இரண்டு தரம் விழுந்தான். இரண்டாந்தரம் விழுந்த இடம் பாலர் பள்ளி வேலிக்கு நேரே. வேலிக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் கைதட்டின.

மேட்டில் ஏறியதும் குறிக்கம்புகள் முடிந்தன. முன்னால் வெள்ளை மட்டும். மேடு மேடாக, காற்று இழுத்த வரி வரியாக, ஒரு காலடி படாத வெள்ளை. வதனி சறுக்குவண்டியில் எழுந்து நின்றாள். மணற்காடு. வடமராட்சியில், வெள்ளை மணல் மேடுகளில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் முன்னால் இருந்து போன மணற்காடு. நிறமும் குளிரும்தான் வேறு.

ஆழப்பனிக்குள் இறங்கியதும் வண்டிகளின் குணம் மாறியது. எருமை திணறத் தொடங்கியது. மூக்கால் பனியை உழுது, தனக்கு முன்னால் ஒரு சுவரைக் குவித்துத் தானே அதில் முட்டியது. இலகு வண்டியோ விசை கூடியதும் பனிக்கு மேலே எழும்பியது. எழும்பி மிதந்தது. ஆனால் கொஞ்ச நேரம்தான். குகன் களைத்துப் போய் வண்டியின் சீற்றில் குந்தி இருந்தான். இருந்தவுடன் அவனுடைய பாரமும் குழவியின் பாரமும் சேர்ந்து வாலை அமுக்கின. வண்டி வானத்தைப் பார்த்தது. அவன் பதறி விசையை முழுக்க அமுக்கினான். பட்டி சுழன்றது, பனி பின்னால் பீறிட்டது. அடுத்த கணம் வண்டியின் பின்பாதி இல்லை, குழிக்குள் போய்விட்டது.

மூவரும் இறங்கினார்கள். இறங்கியவர்கள் இடுப்பளவு போனார்கள். வண்டியைப் பக்கமாகச் சாய்த்துப் போட்டு, குழியைப் பனியால் நிரப்பி, காலால் மிதித்து இறுக்கி, திரும்ப நிமிர்த்தி வெளியே எடுத்தார்கள். கனமான வண்டி என்றால் இது நடக்காது. பிறகு எருமையும் புதைந்தது. அதன் சறுக்குவண்டியைக் கழற்றி இழுக்கும்போதுதான் மாத்திஸின் முழங்கால் திருகியது. பனியில் அப்படியே இருந்துவிட்டான்.

எழுந்து நின்று பார்த்தான். முடியவில்லை. நின்று ஓட்ட வேண்டிய வண்டியை ஒற்றைக் காலில் ஓட்ட முடியாது.

அங்கிருந்தே குடிலின் இடம் தெரிந்தது. பெரிய வட்டிலைப் போல ஒரு பள்ளம், நடுவில் ஓர் ஓடைத் தாழ்வு, எதிர்க்கரைச் சரிவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது புகைபோக்கி. வீடு தெரியவில்லை. மேற்கே அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடும் தெரிந்தது. மாத்திஸ் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, திரும்புவோம் என்றான்.

"நான் ஓட்டுறன்," என்றாள் வதனி.

குகன் அவளைப் பார்த்தான். "அக்கா, விசரோ உனக்கு? நானே விழுந்து எழும்புறன்."

"நீ மல்லுக்கட்டுறாய். அதுதான் விழுறாய். அப்பா மணலில ஓட்டேக்கை எழும்பி நிண்டு, ஹாண்டிலைச் சும்மா ரெண்டு விரலாலதான் பிடிப்பார். மோட்டார் சைக்கிள் நீந்தட்டும், நீ பேசாமல் நில் எண்டுவார். உனக்கு நினைவிருக்காது, நீ அப்ப குழந்தை."

மாத்திஸ் எதிர்ச்சரிவை நெடுநேரம் பார்த்தான். செங்குத்து இல்லை, சரிந்து விழப் பனிச்சுவர் இல்லை. சரி என்றான். புயலின் அந்தச் சாம்பல் கோடு மேற்கே நின்ற கூம்பு மலையைத் தொட்டால், எது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பிவிட வேண்டும். குழவியை இங்கேயே விட்டுவிட்டுப் போ, பாரம் என்றும் சொன்னான்.

வதனி குழவியைக் கையில் எடுத்தாள். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. விடவில்லை. பின்பையில் வைக்கவும் இல்லை. சீற்றின் முன்நுனியில், ஹாண்டில் கம்பின் அடியோடு சேர்த்துக் கட்டினாள். வாலில் இருந்த பாரம் மூக்குக்கு வந்தது. மாத்திஸ் அந்தக் கட்டைப் பார்த்தான், பெருவிரலை உயர்த்தினான்.

குகன் ஸ்கீயைக் கட்டிக்கொண்டு, பின்னால் கயிற்றைப் பிடித்தான்.

வதனி எழுந்து நின்றாள். முழங்கால் இளகியிருந்தது, கை இளகியிருந்தது. பெருவிரலால் விசையை மெல்ல அமுக்கினாள். வண்டி ஒருமுறை குந்தியது, மூக்கை உயர்த்தியது, முன்னால் இருந்த கல்லின் பாரம் அந்த மூக்கை அளவோடு பிடித்து வைத்தது. பிறகு வண்டி பனிக்கு மேலே வந்தது. சத்தம் மாறியது. உறுமல் போய் ஒரு முனகல். பனி வண்டியின் முன்மூடிக்கு மேலாக வழிந்து அவள் நெஞ்சில் மாவாகக் கொட்டியது. இடது காலுக்குப் பாரத்தை மாற்றினாள். வண்டி சொன்ன சொல் கேட்டு இடப்பக்கம் சாய்ந்தது. வலது காலுக்கு மாற்றினாள், வலப்பக்கம் சாய்ந்தது. கயிற்று நுனியில் குகன் அலறிக்கொண்டு வந்தான். விழுந்தான், இழுபட்டான், எப்படியோ எழுந்து திரும்பவும் வந்தான். ஏற்றத்தில் அவள் நிற்பாட்டவில்லை. மேல்பக்கக் காலில் நின்றபடி சரிவைக் குறுக்கே கடந்து, புகைபோக்கிக்கு மேலே போய், வட்டமடித்து, மூக்குக் கீழ்நோக்க நிறுத்தினாள்.

"அக்கா," என்றான் குகன், மூக்கு நுனியில் பனியோடு. "நீ ஞாயிற்றுக்கிழமை மணவறைக்கும் இதிலயே வரலாம்."

வாசல் பக்கத்தைக் கணக்குப் பார்த்துத் தோண்டினார்கள். மாறி மாறித் தோண்டினார்கள். முதலில் கூரை விளிம்பு வந்தது, பிறகு கதவின் மேல்சட்டம், பிறகு கைபிடி. யோகாம்பிகை ஆகஸ்ட் மாதத்தில் ஆணியில் கொழுவிவிட்டுப் போன, சட்டி இறக்கும் துணிப்பிடி அப்படியே தொங்கியது. கடைசியில் தட்டைக் கல். மண்ணோடு சேர்ந்து உறைந்து கிடந்தது. மண்வெட்டியை விளிம்பில் கொடுத்துக் குகன் நெம்பினான். மண்வெட்டித் தகடு முறிந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நாலாவது ஆளைக் கூப்பிடு," என்றாள் வதனி.

குழவியின் நுனியால் கல்லின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி இடித்தார்கள். குழவியில் ஒரு சில்லுத் தெறித்துப் போனது. அதற்குப் பிறகு தட்டைக் கல் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டது. கீழே பால்மா ரின். மூடி துருப்பிடித்திருந்தது. உள்ளே நாலாக மடித்த துணி, அப்பாவின் கைலேஞ்சி, அதற்குள்ளே அட்டியல். சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் அந்தப் பனி வெளிச்சத்தில் கண் விழித்தன.

வதனி கையுறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை தொட்டாள். பிறகு கைலேஞ்சியோடு சுருட்டி, உடுப்புக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எழுந்து, குழவியைப் பழையபடி வண்டியின் முன்னால் கட்டிவிட்டுப் பார்த்தபோது சாம்பல் கோடு கூம்பு மலையைத் தொட்டிருந்தது.

இறக்கம் பறப்பதைப் போல இருந்தது. குகன் தன்பாட்டில் சறுக்கிக்கொண்டும் உருண்டுகொண்டும் வந்தான். ஓடைத் தாழ்வில் அவன் கயிற்றைத் திரும்பப் பிடித்தான். அங்கிருந்து மறுகரைக்கு ஏறுவதுதான் மிச்சம். சின்ன ஏற்றம். வதனி பாதி ஏறியபோது எதிரே பார்த்தாள். மாத்திஸ் நின்ற இடம் இல்லை. பனிப்புகார் விழுங்கிவிட்டது. திடுக்கிட்டுப் பெருவிரலை எடுத்துவிட்டாள்.

ஒரு கணம்தான். வண்டி நின்றது, பின்னுக்கு வழுக்கியது, வால் இறங்கியது. வாலுக்குக் கீழே எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அமுக்காதை அக்கா!" என்று குகன் கத்தினான்.

அவள் அமுக்கவில்லை. மெதுவாக இறங்கினாள். இனி விசை கொடுத்தால் பட்டி ஓடையை மூடிய பனிக் கூரையைத் தோண்டி உடைக்கும். பக்கமாகச் சாய்த்து உருட்டினால் நேரே தண்ணீருக்குள். மேலே கயிறு கட்டி இழுக்க வேண்டும். எதில் கட்டுவது? அந்த மேட்டில் ஒரு மரம் இல்லை, ஒரு பற்றை இல்லை. குகன் தன் ஸ்கீயை மேல்கரையில் நட்டு, கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்தான். வெண்ணெயில் குத்திய கத்தி போல ஸ்கீ கையோடு வந்தது. காற்றுப் பலத்தது. நடந்து போகலாம் என்றால் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பளவு பனி, அங்கே கால் முடியாத மாத்திஸ் தனியே.

வதனி கரையில் இருந்துகொண்டு, பிடுங்கி வந்த ஸ்கீயைப் பார்த்தாள். மணலில் அடித்த கட்டுத்தறி இப்படித்தான் கழன்று வரும். அப்பா தோணி கட்டும்போது என்ன செய்வார்?

"குகன், மணலில தறி நிக்காது. அப்பா தறி அடிக்கமாட்டார். மட்டையைக் குறுக்க புதைச்சு, நடுவில கயிறு கட்டுவார்."

"மட்டைக்கு இஞ்சை எங்கை போறது?"

வண்டியின் மூக்கைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு அவன் பனியில் இருந்தபடியே சிரித்தான்.

கரைக்கு மேலே, முறிந்த மண்வெட்டியாலும் கையாலும் குறுக்காக ஒரு குழி தோண்டினார்கள். குழவியின் நடுவில் கயிற்றைச் சுற்றி இறுக்கி, அதைக் குறுக்கே படுக்க வைத்து, பனியால் மூடி, இருவரும் அதன்மேல் நின்று குதித்து மிதித்தார்கள். கொஞ்ச நேரம் விட்டார்கள். மிதித்த பனி சீமெந்தாக இறுகியது. குகன் கயிற்றை வண்டியின் முன்வளையத்தில் விட்டெடுத்து, தொழிற்சாலைத் துறையில் வள்ளம் கட்டப் பழகிய முடிச்சைப் போட்டு, நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தான். கயிறு விறைத்தது. குழவி அசையவில்லை. கையகலம் வண்டி ஏறியது. வதனி பட்டிக்கு முன்னால் பனியை மிதித்து இறுக்கினாள். திரும்பவும் சாய்ந்தான், திரும்பவும் கையகலம். அவன் களைத்தபோதெல்லாம் புதைந்து கிடந்த அந்தக் கல், வண்டியைப் பின்னுக்கு விடாமல் பிடித்து வைத்திருந்தது.

வால் தாழ்வை விட்டு வெளியே வந்ததும் வதனி ஏறி நின்றாள். நெஞ்சில் கைலேஞ்சி இருந்த இடத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். இந்த முறை எதிரே பார்க்கவில்லை. காலடியைத்தான் பார்த்தாள். பெருவிரல் மெல்ல, மெல்ல. வண்டி குந்தியது, மூக்கை நீட்டியது, மேலே வந்தது.

"விடாதை, விடாதை!" என்று குகன் பின்னால் ஓடி வந்தான். அவள் விடவில்லை. மட்டமான இடம் வந்தபிறகுதான் நிறுத்தினாள்.

வண்டியை விட்டு இறங்கி இருவருமாகக் குழவியைத் தோண்டி எடுத்தார்கள். அதை விட்டுவிட்டுப் போகலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

புகாருக்குள் ஒரு சத்தம் கேட்டது. டண், டண், டண். மாத்திஸ் வெறும் எண்ணெய்க் கலனில் தட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். அவன் இருந்த இடத்திலிருந்தே எருமைக்கு முன்னால் பனியை இறுக்கிப் பாதை செய்து வைத்திருந்தான். கிடைத்ததா என்று அவன் கேட்கவில்லை. வதனியின் முகத்தில் தெரிந்துவிட்டது. சறுக்குவண்டியை அங்கேயே விட்டுவிட்டு, தாங்கள் வந்த தடத்தின் மேலேயே இறங்கினார்கள். தடத்தை முழுக்க மூடக் காற்றுக்கு இன்னும் நேரம் போதவில்லை.

ஊருக்குள் வரும்போது தெருவிளக்குகள் இன்னும் எரியத் தொடங்கவில்லை. வாசலில் யோகாம்பிகை நின்றாள். தலையில் பனி பூத்திருந்ததைப் பார்த்தால், வெகுநேரமாக நின்றிருக்கிறாள். வதனி உடுப்புக்குள் கைவிட்டுக் கைலேஞ்சியை எடுத்து நீட்டினாள். யோகாம்பிகை அதைப் பார்க்கவே இல்லை. மாத்திஸைப் பார்த்தாள், குகனைப் பார்த்தாள், வதனியைப் பார்த்தாள். கண் பின்னால் தேடியது.

"நாலாவது ஆள் எங்கை?"

குகன் குழவியைத் தூக்கிக் காட்டினான். வாங்கினாள். உடைந்த சில்லைத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் வாசற்படியில் இருந்துவிட்டாள்.

"அப்பா திரும்பி வராத அண்டைக்கு அவரும் மற்ற ரெண்டு பேரும் மூண்டு பேராத்தான் போச்சினம்," என்றாள். "கல்லு எடுத்துக் குடுக்க எனக்கு நேரம் கிடைக்கேல்லை."

இதை அவள் அதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை. குகன் அவள் பக்கத்தில் இருந்தான். மாத்திஸுக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் தொப்பியைக் கழற்றினான். பிறகு யோகாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எல்லோரையும் உள்ளே வந்து சாப்பிடச் சொன்னாள். மாத்திஸின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சினாள்.

புயல் சொன்னபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தின் ஜன்னல்களைப் பாதிவரை பனி மூடியிருக்க, உள்ளே மேளம் ஒலிநாடாவில் முழங்கியது. வதனி அட்டியலோடு மணவறைக்கு வந்தாள். அம்மி மிதிக்கும் நேரம் வந்தபோது அம்மியின் தலைமாட்டில், மஞ்சள் பூசி, குழவியும் இருந்தது. சில்லுப் போன பக்கத்தை யோகாம்பிகை மறைத்து வைக்கவில்லை, முன்பக்கமாகவே வைத்திருந்தாள். வதனி காலை அம்மியில் வைத்தாள். முன்வரிசையில் ஊன்றுகோலோடு இருந்த மாத்திஸ் பெருவிரலை உயர்த்தினான்.

எத்தனையோ குளிர்காலங்கள் போய்விட்டன. அந்த இலகு ஸ்கூட்டரை மாத்திஸ் எப்போதோ விற்றுவிட்டான். அதைவிட இலகுவானவை வந்துவிட்டன. வதனி ஒவ்வொரு ஈஸ்டர் விடுமுறைக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வடக்கே போகிறாள். அங்கே அவர்களுக்கு வண்டி பழக்கும்போது, பாரத்தை முன்னுக்கு வை, கையை இளகப் பிடி, பயம் வந்தால் விரலை எடுக்காதே என்று மட்டும் சொல்கிறாள். பிள்ளைகள் வண்டியைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் சரிதான்.

குழவி ஒஸ்லோ வீட்டுக் குசினியில் இருக்கிறது. மாத்திஸ் வருடத்துக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பான். எடுத்தவுடன் சுகம் விசாரிப்பது ஒருவரைத்தான், அதுவும் தமிழில்.

"மச்சான், நாலாவது ஆள் எப்பிடி?"

"இருக்கிறார்," என்பான் குகன். "இப்பதான் சம்பல் அரைச்சவர்."